தேளைக் காட்டச் சொன்ன பூரணத்தாய்

ஒரு ஊர்ல ஒரு உப்பளம் இருந்துச்சாம். கடலை ஒட்டி, கண்ணுக்கு எட்டுன மட்டும் பாத்தி பாத்தியா வெள்ளை வெளேர்னு. ம் கொட்டு கண்ணு, அப்பதான் பெரியம்மா சொல்லுவேன்.

"ம்."

அந்த ஊர்ல உலகநாத ஜோசியர்னு ஒருத்தர். வாசல்ல நிக்கிற வேப்பமரத்தைக்கூட நிமிர்ந்து பார்க்க மாட்டார். ஆனா வானத்துல யார் யார் எந்த வீட்ல உக்காந்திருக்காங்கன்னு ஏட்டைப் பிரிச்சு மடமடன்னு சொல்லிருவார். உப்பை எப்ப வாரணும், அம்பாரத்தை எப்ப ஓலை போட்டு மூடணும், எல்லாம் அவர் வாக்குதான். உப்பளத்துக்கு உடமைக்காரி பெரியவீட்டம்மா. அந்த அம்மா அவரைக் கேக்காம தும்மக்கூட மாட்டாங்க.

அப்புறம் ஒரு வருசம், "சூரியன் துலாத்துக்குப் போகணும், ஐப்பசி பிறக்கணும், அதுக்கு முன்னாடி மழை வராது"ன்னு சொன்னார் ஜோசியர். ஒருத்தரும் உப்பை மூடலை. புரட்டாசியிலேயே சோன்னு ஊத்திருச்சு மழை. மலை மாதிரி கிடந்த உப்பு ஒரே ராத்திரில கரைஞ்சு கடலுக்கே போயிருச்சு.

நான் தப்பா சொல்லிட்டேன்னு சொல்லுவாரா? அவரா! விரலை மடக்கினார், நீட்டினார். "அளத்துல ஒரு தேள் இருக்கு"ன்னார். "பூரணத்தாய் கார்த்திகைல பிறந்தவ. சூரியன் விருச்சிகத்துல, தேள் வீட்ல இருக்கிற மாசம். அவ கால் பட்டுத்தான் உப்பு கரைஞ்சுது."

பூரணத்தாய் யாரு? பத்து வயசுலேருந்து உப்பு வாருறவ. புருசன் இல்லை, தனியாளு. ஊரும் உடனே, "ஆமா ஆமா, அவ பேச்சே கொட்டுற மாதிரிதான் இருக்கும்"னுச்சு. அவ நாத்தனா செல்லக்கனிகூட, அவ நடந்த தடத்துல தண்ணியைத் தெளிச்சா. அன்னைக்கு பூரணம் வீட்டுக்குப் போய் சோறு திங்கலை, கண்ணு. சுவத்தைப் பார்த்துப் படுத்துக்கிட்டா.

அப்புறம் கார்த்திகை பிறந்துச்சு. அவளை ஊரைவிட்டே அனுப்பணும்னு கூட்டம் கூடுச்சு. பூரணம் நேரா வந்து நின்னா.

"ஐயா, சூரியன் இப்ப தேள் வீட்லதானே இருக்கு?"

"பின்னே?"

"அந்தத் தேளைக் கொஞ்சம் காட்டுங்க. பார்த்துட்டுப் போயிருதேன்."

பெரியவீட்டம்மாவுக்கும் பார்க்க ஆசை வந்துருச்சு. பொழுது சாயவும் எல்லாரும் கடற்கரைக்குப் போனாங்க. மழை விட்டு வானம் துடைச்சு வச்ச மாதிரி இருக்கு. அப்போ கிழக்கே மினுக் மினுக்குன்னு ஏறி வந்தது எது? தேளா? இல்லை. கார்த்திகை நட்சத்திரக் கூட்டம். அது ரிஷபத்துல, காளை வீட்ல இருக்கு. தேளோட கொடுக்குக்கூட தெரியலை. ஜோசியர் திருதிருன்னு முழிக்கார்.

"தேள் எங்க போச்சு பெரியம்மா?"

எங்கயும் போகலை. சூரியன் அந்தத் திசைல நிக்குல்லா? அதனால தேளு சூரியனோடவே பகல்ல உதிச்சு சூரியனோடவே மறைஞ்சிரும். வெளிச்சத்துல யாருக்குத் தெரியும்? பூரணமும் அதைத்தான் சொன்னா. "வைகாசில பொழுது சாயும்போது பாருங்க. சூரியன் காளைகிட்ட இருக்கும், தேள் கிழக்கே ஏறி வரும். வருசா வருசம் பார்க்கேன்."

ஜோசியர் தொண்டையைச் செருமினார். "இவளைக் கண்டு தேளே ஒளிஞ்சிருச்சு." ஊரும் தலையை ஆட்டுச்சு. ஆட்டுறதுக்குத்தானே தலை இருக்கு அந்த ஊருக்கு!

ஆனா பெரியவீட்டம்மா கொஞ்சம் யோசிச்சாங்க. "ஊர்ல இருந்துக்கோ, ஆனா உன் பழைய பாத்தி இனி உனக்கு இல்லை. கடைசில ஒரு உடைஞ்ச பாத்தி கிடக்கு. இப்போதைக்கு அதைப் பாரு"ன்னாங்க.

பூரணம் அந்தப் பாத்தி ஓரத்துல பழைய பாய்மரம் ஒண்ணை நட்டா. மார்கழி முழுக்க, தினம் உச்சி வெயில்ல அதோட நிழல் முடியுற இடத்துல ஒரு குச்சி அடிச்சா, டொக் டொக்னு. அப்புறம் தை ஒண்ணாந் தேதி. பொங்கலும் கையுமா ஜோசியர், "சூரியன் இன்னைக்கு மகரத்துல நுழையுது, இன்னைக்குத்தான் வடக்கே திரும்புது"ன்னார்.

"அது திரும்பி மூணு வாரம் ஆச்சு ஐயா"ன்னா பூரணம். எல்லாரையும் கூட்டிட்டுப் போய்க் காட்டினா. மார்கழி முதல் வாரம் வரைக்கும் நிழல் நீளுது. அப்புறம் சுருங்குது. தை பிறக்கும்போது ஒரு சாணுக்கு மேல சுருங்கியாச்சு. சூரியன் தெக்கே போறதும் வடக்கே வாறதும்தான் வெயிலும் பனியும். சூரியனுக்குப் பின்னாடி நிக்கிறது ஆடா மாடாங்கிறதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. அந்த ஏடு எழுதுன காலத்துல மகரத்துல நுழையுறதும் வடக்கே திரும்புறதும் ஒரே நாள்ல நடந்திருக்கும். வானம் மெல்ல மெல்ல நகர்ந்துருச்சு. ஏடு நகரலை.

"பாய்மரம் சாஞ்சிருக்கு"ன்னார் ஜோசியர். வெக்கமே கிடையாது அந்த மனுசனுக்கு. தூங்கிட்டியா?

"ம்... இல்லை."

அப்புறம் கோடை வந்துச்சு, உப்பு விளைஞ்சுச்சு. பூரணம் உடைஞ்ச பாத்தியைக் கட்டி, சரக் சரக்னு வாரி, தனியா ஒரு அம்பாரம் குவிச்சா. மறுபடி புரட்டாசி. ஜோசியர் மறுபடியும் அதே பாட்டு, "ஐப்பசி பிறக்கட்டும்." கடைசி வாரம் ஒரு நாள் காலைல மேக்கேருந்து அடிக்கிற காத்து பட்டுன்னு நின்னுச்சு. மத்தியானம் வாடைக்காத்து, வடகிழக்கேருந்து, ஈரமா வந்து முகத்துல அடிச்சுது. பூரணம் வீடு வீடா ஓடினா.

"மழை வருது, மூடுங்க! எம்மேல கோவம்னா அப்புறம் வச்சுக்கோங்க, இப்ப மூடுங்க!"

"போடீ, துலாம் பிறக்க இன்னும் நாலு நாள் இருக்கு"ன்னு சிரிச்சாங்க. அவ ஒத்தை ஆளா ஓலையைச் சுமந்தா. தலைல காயம், கை முழுக்கக் கீறல். அப்போ பின்னாடி யாரோ ஒரு கட்டு ஓலையைத் தொப்புன்னு போட்டாங்க. திரும்பிப் பார்த்தா செல்லக்கனி.

"எப்படி மூடணும்னு சொல்லு மதினி. உன்னுதை மூடிட்டு என்னுதையும் மூடுவோம்."

பூரணம் ஓலைல ஒரு நுனியை அவ கைல குடுத்தா.

பொழுது அடையுறதுக்குள்ள டமடமன்னு இடி. மூணு நாள் மழை. வானம் வெறிச்சப்போ ரெண்டே ரெண்டு அம்பாரம் நிக்கி. பெரியவீட்டு உப்பு இருந்த இடத்துல குட்டை. தவளை கத்துது.

ஜோசியர் எங்க? ஏட்டைத் தலைல கவுத்துக்கிட்டு, தளக் தளக்னு சேத்துல மிதிச்சு ஊர் எல்லையைத் தாண்டிப் போயிட்டார்.

அப்போ பெரியவீட்டம்மா பூரணத்தோட பழைய பாத்தியை அவளுக்கே திருப்பிக் குடுத்தாங்க. குடுத்துட்டுக் கையைக் கும்பிட்டு என்ன கேட்டாங்க தெரியுமா? "ஏட்டி பூரணம், இனி நீதான் எங்களுக்கு ஜோசியம் சொல்லணும். என் பேத்திக்கு எப்ப கல்யாணம் ஆகும்?" பின்னாடி ஊரே கையை நீட்டிக்கிட்டு வரிசைல நிக்கி!

பூரணம் எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தா. தூன்னு ஓரமாத் துப்பினா.

"உங்க யாருக்கும் கழுத்து சுளுக்கலையே? நீங்களே வானத்தை நிமிர்ந்து பார்த்துக்கோங்க"ன்னு சொல்லிட்டு, செல்லக்கனியைக் கூட்டிக்கிட்டு ஈர ஓலையைக் காயப் போடப் போயிட்டா.

அவ்வளவுதான், கதை கரையேறியாச்சு. நீயும் கண்ணை மூடு.