மூன்றாம் வாசலில் வைத்த சோறு

வெகு வெகு காலத்துக்கு முன்னாலே, மணிகோட்டை என்று ஒரு ராஜ்யம். கோட்டைக்கு வெளியே குடியிருந்த ஜனங்கள், "எங்களுக்கும் கிணற்றுத் தண்ணீர் கொடுங்கள்" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ராஜாவுக்குக் காது புளித்துவிட்டது. மந்திரவாதி கருநாவனைக் கூப்பிட்டான். கருநாவன் ஒரு பிடி சாம்பலை எடுத்து ஊதினான். அன்றிலிருந்து வெளித்தெருக்காரர்கள் என்ன பேசினாலும் உள்தெருக்காரர்கள் காதில் 'கா, கா' என்றுதான் விழும்.

நூறு வருஷம் போயிற்று. அது மந்திரம் என்பதே உள்ளே மறந்துபோயிற்று.

ஒரு கோடையில் வெளித்தெருக் குட்டை வற்றியது. செம்பாயிக்கு மூன்று பிள்ளைகள். ஒன்றைப் புதைத்தாள். இன்னொன்றையும் புதைத்தாள். மூன்றாவது அவள் இடுப்பில் அனலாய்க் கொதித்தது. அழக்கூட அதற்குத் தெம்பில்லை.

பட்டமரத்துக் காக்கை கேட்டது: "எங்கே கிளம்பிட்டே?"

"தண்ணி கேக்க."

"நீ பேசினா அவங்களுக்கு நான் கத்துற மாதிரிதான் கேக்கும். 'என்ன வேணும்?'னு ஒருத்தர் கேட்டு, பதிலுக்கு நின்னா மந்திரம் உடையும். நூறு வருஷமா யாரும் கேக்கலே. எங்களுக்காவது சோறு வைக்கிறாங்க."

உச்சிவேளை. உள்தெருவில், சாப்பிடுமுன் காக்கைக்குச் சோறு வைக்கிற நேரம்.

முதல் வாசலில் நின்று, "தாயே, பிள்ளைக்குத் தண்ணி" என்றாள் செம்பாயி. "காக்கா வந்துட்டுது!" என்று சோற்றோடு ஓடிவந்தவர், அவளைப் பார்த்ததும் கல்லை எடுத்தார்.

இரண்டாம் வாசல். "தாயே, பிள்ளைக்குத் தண்ணி." சோறு கூரைமேல் போயிற்று. கதவு முகத்துக்கு நேரே சாத்திக்கொண்டது.

மூன்றாம் வாசலில் அவளுக்குக் குரலே எழும்பவில்லை. பிள்ளைக்குக் கண் செருகிவிட்டது. வெறுமனே முனகினாள்.

அது வடிவாம்பாள் வீடு. போன மாசம்தான் அவள் மகள் காய்ச்சலில் போய்விட்டாள். "வந்துட்டியாடி கண்ணு?" என்று இலைச்சோற்றோடு வந்து கூரையைப் பார்த்தாள். காக்கை இல்லை. வாசலில் ஒரு பெண், தோளில் துவண்ட பிள்ளை. சத்தம் அந்தப் பெண்ணின் வாயிலிருந்து வந்துகொண்டிருந்தது.

"தீட்டுடி! உள்ளே வா!" என்று மாமியார் உள்ளிருந்து கத்தினாள்.

வடிவாம்பாள் அசையவில்லை. "என்னம்மா வேணும் உனக்கு?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு, நின்றாள்.

"தண்ணி" என்றாள் செம்பாயி.

தண்ணி என்றே கேட்டது.

வடிவாம்பாள் இலைச்சோற்றை வாசலில் வைத்துவிட்டு, செம்பில் தண்ணீர் கொண்டுவந்து பிள்ளைக்குப் புகட்டினாள். மூன்றாவது மடக்கில் பிள்ளை வீரிட்டு அழுதது. தெரு முழுக்க அந்த அழுகை கேட்டது. அந்த மந்திரத்தாலேயே நூறு வருஷமும் சாகாமல் அரண்மனையில் இருந்த கருநாவன் ஒரு பிடி சாம்பலாய் உதிர்ந்தான்.

அதோடு விடவில்லை. நூறு வருஷமாய்க் கல்லெறிந்து விரட்டிய சத்தமெல்லாம் சொல்லாய்த் திரும்பி வந்தது. "தாயே." "பசிக்குது." "பிள்ளை சாகுதம்மா." உள்தெருக்காரர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். அப்போதும் கேட்டது.

பிள்ளை வடிவாம்பாள் மடியில் தூங்க, செம்பாயி தன் கையாலேயே கிணற்றில் வாளியை இறக்கினாள். ஒருவரும் தடுக்கவில்லை. முதல் வாளியைக் கொண்டுபோய் ஒரு சின்ன மண்மேட்டில் ஊற்றினாள். இரண்டாவதை, பக்கத்து மேட்டில். மூன்றாவதைத்தான் குடித்தாள்.

கதை இவ்வளவுதான், கண்ணுகளே. வாசலில் ஏதோ சத்தம். போய், என்ன வேணும் என்று கேளுங்கள்.