சோறு போட்டவர் பெயர்

சட்டசபைச் செய்தி காதில் விழுந்ததும் பொன்னம்பலம் நேரே மடத்துக்கு ஓடி வந்தார். அவரைவிட வயதில் சிறியவரான குருநாதர் பிள்ளைகளின் பந்தியில் சோறு பரிமாறிக்கொண்டிருந்தார்.

"சாமி, சடையப்பன் கழுத்தறுத்துட்டான். பழைய அனல்மின் நிலையங்களை மூடுற சட்டத்துக்கு எதிரா ஓட்டுப் போட்டுட்டான்."

சடையப்பன் அந்த ஊர் எம்.எல்.ஏ. நிலையத்தை மூட வைப்பேன் என்று கழுத்து நிறைய மாலையோடு சத்தியம் செய்தவர். அதை நம்பித் தெருத் தெருவாக ஓட்டுக் கேட்டவர் பொன்னம்பலம். நிலையத்துச் சாம்பலால் மூச்சிரைக்கும் தன் மகள் தேனரசியை மேடையில் ஏற்றிக் காட்டவும் செய்தார்.

"எவ்வளவு வாங்கினானோ? அந்த நிலையத்து முதலாளி பணப்பெட்டியோட போயிருப்பான்."

"இருக்கலாம். பிள்ளைங்க பசியோட இருக்காங்க. பேரைச் சொல்லிடுங்க" என்றார் குருநாதர்.

சோறு போட்டவர் பெயரைச் சொல்லாமல் அந்த மடத்தில் யாரும் இலையில் கை வைப்பதில்லை. பெயர் சொல்வது பொன்னம்பலத்தின் பொறுப்பு. வருஷக்கணக்காகச் சொன்னதில் வாய் தானாகச் சொல்லும்; காது கேட்பதை எப்போதோ விட்டுவிட்டது.

"இன்றைய அன்னம், அனல்மின் நிலையத்தார் உபயம். வாழ்க."

"வாழ்க" என்றார்கள் பிள்ளைகள். எல்லாரும் சாம்பல் விழும் தெருக்காரர்கள். சொல்லி முடித்ததும் இருமினார்கள்; இருமிக்கொண்டே சாப்பிடத் தொடங்கினார்கள்.

தான் சொன்ன பெயர் அன்றைக்குத்தான் பொன்னம்பலத்தின் காதில் விழுந்தது.

"நாளையிலேருந்து இந்தச் சோறு வேண்டாம்னு சொல்லிடலாம்" என்றார் குருநாதர். "வேற ஆள் கிடைக்கிற வரைக்கும் அடுப்பு எரியாது. சம்மதம்னா கையைத் தூக்குங்க."

பரிமாறிக்கொண்டிருந்த சீடர்கள் அப்படியே நின்றார்கள். பொன்னம்பலம் மகளை நினைத்தார். பிறகு பந்தியைப் பார்த்தார். அதில் பாதிப் பேருக்கு அன்றைக்கு அது ஒன்றுதான் சாப்பாடு. ஒரு சிறுமி இலையை வழித்துவிட்டு மறுசோற்றுக்குக் காத்திருந்தாள்.

கை எழவில்லை. இது தன் கைதானா என்று அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அப்போ சடையப்பன் செஞ்சது நியாயமா, சாமி?"

"இல்லை."

"பின்னே எனக்கு ஏன் கை வரலை?"

"எனக்கும் வரலை." குருநாதர் சோற்று வாளியை அவரிடம் நீட்டினார். "அந்த முதலாளி பெட்டியோட இந்த மடத்துப் பக்கம் ஒருநாள்கூட வந்தது கிடையாது. சோறு மட்டும்தான் வந்தது."