காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர்

மிருதுளாவுக்கு இருபத்தொன்பது வயது. டென்னிஸ் உலகத் தரவரிசையில் அறுநூற்று நாற்பத்திரண்டாவது இடம். பத்து வருடமாக அந்த எண் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. ஐந்நூறுக்குள் ஒருமுறைகூட வந்ததில்லை.

அவளுடைய பயிற்சியாளர் ரெஜினா. தூத்துக்குடிக்காரி. மிருதுளாவைவிட ஐந்து வயதுதான் மூத்தவள். அதிகம் பேசமாட்டாள்.

நாக்பூரில் நடந்த ஒரு போட்டியில், தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில் மிருதுளா தோற்றாள். தோற்றும் ஊருக்குக் கிளம்பவில்லை. டென்னிஸில் ஒரு வழக்கம் உண்டு. பிரதான சுற்றில் ஆட வேண்டிய ஒருவர் முதல் ஆட்டத்துக்கு முன்பே விலகிவிட்டால், தகுதிச் சுற்றில் கடைசியாகத் தோற்றவர்களில் ஒருவருக்கு அந்த இடம் கிடைக்கும். அப்படி நுழைபவருக்கு 'லக்கி லூசர்' என்று பெயர். அந்தப் பட்டியலில் மிருதுளாவின் பெயர்தான் முதலில் இருந்தது.

முதல் சுற்று நாளன்று காலையில், அந்தப் பட்டியலுக்காகப் போட்டி அலுவலக மேசையில் கையெழுத்துப் போட்டாள். ஷூ நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு, பையை மடியில் வைத்தபடி உட்கார்ந்தாள். யாருடைய பெயரையும் அறிவிக்கவில்லை. ஆட்டங்கள் ஒவ்வொன்றாகத் தொடங்கின. யாருக்கும் காய்ச்சல் இல்லை, யாருக்கும் தோள்வலி இல்லை. மத்தியானம் வாங்கிய வாழைப்பழத்தை அவள் உரிக்கவே இல்லை.

மூன்று மணிக்கு முதல் சுற்றில் ஒரே ஓர் ஆட்டம்தான் மீதி இருந்தது. அதில் ஆட வேண்டியவள் லாவண்யா.

லாவண்யா நெல்லூர்ப் பெண். சென்னையில் எட்டு வருடம் பயிற்சி எடுத்தவள். அந்த வாரம் அவளும் மிருதுளாவும் ஒரே அறையில்தான் தங்கியிருந்தார்கள்.

அவள் நொண்டிக்கொண்டு வந்து நின்றாள். இடது கணுக்கால் வீங்கியிருந்தது.

"படியில மடங்கிடுச்சு மிருது. டாக்டர் பார்த்துட்டார். சுளுக்குதான், இறுக்கிக் கட்டிக்கிட்டு ஆடலாம்னார். கட்டுப் போடற பிசியோ அம்மா இன்னொரு கோர்ட்ல மாட்டிக்கிட்டாங்க. இன்னும் இருபது நிமிஷம்தான் இருக்கு."

"நானா கட்டணும்?"

"உன் காலுக்கு நீயேதானே கட்டிக்கறே? நல்லா நிக்குது, பார்த்திருக்கேன்."

சொன்ன பிறகுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. முகம் மாறியது.

"ஐயோ, நீதானே அடுத்த ஆள்? விடு மிருது. நான் வேற யாரையாவது கேக்கறேன்."

மிருதுளா மடியிலிருந்த பையைக் கீழே வைத்தாள். எழுந்து ரெஜினாவிடம் போனாள். ரெஜினா தண்ணீர்ப் பாட்டிலை நிரப்பிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, லாவண்யாவுக்குக் கணுக்கால் மடங்கிடுச்சு. என்னைக் கட்டிவிடச் சொல்றா. கட்டாம ஆட முடியாது. அவ விலகினா நான் உள்ள."

"சரி."

"நான் கட்டணுமா?"

"உனக்குக் கட்டத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்போ ஒழுங்கா கட்டு."

உடை மாற்றும் அறையில் மிருதுளா தரையில் உட்கார்ந்தாள். லாவண்யாவின் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வெள்ளை டேப்பைப் பாதத்துக்கு அடியில் கொடுத்து, குதிகாலைச் சுற்றி, கணுக்காலுக்கு மேலே கொண்டுவந்தாள். மூன்றாவது சுற்றில் அவள் கை கொஞ்சம் தளர்ந்தது. லாவண்யாவுக்கு அது தெரியவில்லை. ஆட்டத்தில் ஒருமுறை குறுக்கே ஓடித் திரும்பினால் போதும், கட்டு நழுவிவிடும்.

மிருதுளா அந்தச் சுற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு பிரித்தாள். பிரித்துவிட்டு மறுபடி இழுத்துக் கட்டினாள்.

"வலிக்குதா?"

"இறுக்கமா இருக்கு."

"அப்படித்தான் இருக்கணும்."

லாவண்யா கோர்ட்டுக்குள் போனாள். முதல் பந்து போடப்பட்டதும் பட்டியல் முடிந்தது. அந்த வாரம் மிருதுளாவுக்கு இனி ஆட்டம் இல்லை, ஒரு புள்ளியும் இல்லை.

பார்வையாளர் வரிசையில் மொத்தம் பதினைந்து பேர் இருந்திருப்பார்கள். மிருதுளா ரெஜினாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். லாவண்யா முதல் மூன்று கேமையும் இழந்தாள். நான்காவதை எடுத்தாள். ஐந்தாவதையும் எடுத்தாள். கட்டு நின்றது.

"அக்கா."

"ம்."

"காலையில சாமி கும்பிட்டேன். யாருக்காவது ஏதாவது ஆகணும்னு வேண்டிக்கிட்டேன்."

ரெஜினா கோர்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பத்து வருஷமா இதே பொழப்புதான். அடுத்தவ விழுந்தாத்தான் எனக்கு இடம். கட்டும்போது ஒரு சுத்தைத் தளர்த்திட்டேன் அக்கா. அப்புறம் பிரிச்சுட்டேன். ஆனா தளர்த்தினேன்."

"ம்."

"இப்பகூட, அவ ஒவ்வொரு தடவை ஓடும்போதும் அவ காலைத்தான் பார்க்கறேன். என்ன மனுஷி நான்?"

ரெஜினா தண்ணீர்ப் பாட்டிலை அவள் கையில் கொடுத்தாள். பிறகு கேட்டாள்:

"நீ முதமுதல்ல பிரதான சுத்துல ஆடினது எங்க?"

மிருதுளா தலையைக் குனிந்துகொண்டாள். "திருவனந்தபுரத்துல."

"எப்படி உள்ள போன?"

"உங்க முட்டி போயிடுச்சு. நீங்க விலகினீங்க. என்னைக் கூப்பிட்டாங்க."

அதற்குப் பிறகு ரெஜினா எந்தப் போட்டியிலும் ஆடவில்லை. இருவருக்கும் அது தெரியும். இத்தனை வருடத்தில் இருவரும் அதைப் பேசியதில்லை.

"அந்த ஆட்டத்தை நான் பார்த்தேன்," என்றாள் ரெஜினா.

"ஆஸ்பத்திரிக்குப் போயிட்டீங்கன்னு சொன்னாங்களே?"

"போகல. முட்டியில ஐஸ் வச்சுக்கிட்டு மேல கடைசி வரிசையில உட்கார்ந்திருந்தேன்."

"எதுக்கு அக்கா?"

"நீ தோக்கறதைப் பார்க்க."

மிருதுளா நிமிர்ந்து பார்த்தாள். ரெஜினாவின் முகத்தில் கோபம் இல்லை, சிரிப்பும் இல்லை.

"முதல் செட் முழுக்க வேண்டிக்கிட்டே இருந்தேன். இவ கால் வழுக்கணும், இவ அடிக்கிற பந்தெல்லாம் நெட்ல விழணும்னு. மாதாகிட்ட சொல்லிச் சொல்லி வேண்டினேன்."

"அப்புறம்?"

கோர்ட்டில் லாவண்யா பின்கோட்டுக்கு ஓடி, விழப்போன பந்தை எடுத்து உயரத் தூக்கிவிட்டாள். பதினைந்து பேரில் இரண்டு பேர் கை தட்டினார்கள்.

"ரெண்டாவது செட்ல வேண்டிக்க மறந்துட்டேன். உன் ஆட்டத்தைப் பார்க்க ஆரம்பிச்சேன்."