மாஸ்டர் கட்டிய பட்டை

தாமோதரன் மாஸ்டருக்குத் தெரியாதது உலகத்தில் ஒன்றுமில்லை. அப்படித்தான் அவரே சொல்லிக்கொள்வார். அவர் பயிற்சி கொடுக்கும் பெண்கள் கபடி அணிக்கு, இரவில் மார்பில் கட்டிக்கொண்டு தூங்கும் பட்டை வந்தது. இதயத் துடிப்புகளுக்கு நடுவே இடைவெளி தாராளமாகக் கூடிக் குறைந்தால் உடம்பு தேறிவிட்டதென்று காலையில் அதில் பச்சை விளக்கு எரியும். ஒரே மாதிரி இருந்தால் அலுப்பென்று சிவப்பு எரியும்.

மாஸ்டரோ, "சிவப்புன்னா சோம்பேறி! மலையேறி ஓடு. நாளைக்கும் சிவப்புன்னா ஊருக்கு பஸ் ஏறு" என்றுவிட்டார். ஓட ஓடச் சிவப்பு. சிவப்பு வர வர ஓட்டம்.

பஸ் ஏறும் முறை பொற்கொடிக்கு வந்தது. அவள் பணிவாகக் கேட்டாள்: "மாஸ்டர், ஒருதடவை நீங்க மலையில ஓடிட்டு, பட்டையைக் கட்டிக்கிட்டுத் தூங்குங்க. பச்சை எப்படி வரும்னு பார்த்துக் கத்துக்கிறோம்."

மாஸ்டர் மீசையை முறுக்கிக்கொண்டு ஓடினார்.

காலையில் பட்டை செக்கச்செவேலென்று எரிந்தது. "வாங்க மாஸ்டர், மலைக்குப் போலாம்" என்றாள் பொற்கொடி.

"ஐயோ, கால் நகரலம்மா! இன்னிக்கு ஓய்வெடுத்தாத்தான் உடம்பு தேறும்."

"அதைத்தான் மாஸ்டர், பட்டை தினமும் சொல்லுது."

அன்றைக்கு ஓட்டம் கிடையாது. எல்லோரும் கிணற்றில் நிதானமாக நீந்தினார்கள். மறுநாள் அணி முழுக்கப் பச்சை. பட்டையைக் கழற்றாத மாஸ்டருக்கு மட்டும் சிவப்பு. முந்தினநாள் கிணற்றுக் கரையில் நின்று, "மெதுவா நீந்துங்கடி, மெதுவா!" என்று நாளெல்லாம் தொண்டை கிழியக் கத்தியவர் அவர்தானே!