துழாவி கேட்ட கேள்வி

பாளையங்கோட்டையில் ஒரு மாடி வீட்டில் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து ஒரு தேடுபொறியைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்குத் துழாவி என்று பேர். கணினி படிக்கிற பிள்ளைகள் தமிழில் என்ன கேட்டாலும் விடை தேடி எடுத்துக் கொடுக்கும். அங்கே சம்பளம் வெளியில் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. மத்தியானச் சோறு மட்டும் வயிறாரக் கிடைக்கும். அதனால் அக்கம்பக்கத்தில் அந்த வீட்டை மடம் என்றே சொன்னார்கள்.

மடம் என்றால் குரு வேண்டுமே. கோமதி டீச்சர் இருந்தார். முப்பத்து நாலு வயது. சீடர்களில் பாதிப்பேர் அவரைவிட மூத்தவர்கள். அவர்களை அவர் அண்ணாச்சி என்பார். அவர்கள் அவரை டீச்சர் என்பார்கள்.

யார் வந்து சந்தேகம் கேட்டாலும் நேராகப் பதில் சொல்கிற வழக்கம் டீச்சருக்குக் கிடையாது. துழாவியைப் பற்றி வந்து கிடக்கிற புகார்களில் ஒன்றை எடுத்துக் கொடுத்து, “இதச் சரி பண்ணிட்டு வாங்க” என்பார். சரி பண்ணி முடிக்கும்போது சந்தேகம் தீர்ந்திருக்கும் என்று சிலர் சொன்னார்கள். மறந்துபோயிருக்கும் என்று சிலர் சொன்னார்கள்.

அந்த மடத்தில் சங்கரபாண்டி என்று ஒரு சீடர். ஐம்பதை எட்டப் போகிறவர். பழைய கம்பெனி வேலையை விட்டுவிட்டு கணினிக்கு நிரல் எழுதக் கற்றுக்கொள்ள வந்தவர். அவரோடு கூடவே சேர்ந்தவர் அருளப்பன். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்தவர். இரண்டு பேரும் ஒரே நாளில் வந்தார்கள், பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்தார்கள், ஒரே இலையில் சாப்பிடாத குறைதான்.

ஒன்றில் மட்டும் எலியும் பூனையும். நிரலைத் தட்டி எழுத எடிட்டர் என்று ஒரு மென்பொருள் வேண்டும் இல்லையா? சங்கரபாண்டி ஈமேக்ஸ் கட்சி. அருளப்பன் விம் கட்சி. உலகம் பூராவும் கணினிக்காரர்கள் இந்த இரண்டு எடிட்டரையும் வைத்துக்கொண்டு பல வருஷமாகச் சண்டை போடுகிறார்கள். பாளையங்கோட்டை மட்டும் சும்மா இருக்குமா?

“உம்ம ஈமேக்ஸு தொறக்கதுக்குள்ள நான் திருச்செந்தூர் போயி ஒரு முழுக்கு போட்டுட்டு வந்திருவேன்வே” என்பார் அருளப்பன்.

“உம்ம விம்முக்குள்ள போனவன் வெளிய வர வழி தெரியாம இன்னும் உள்ளயே கெடக்கான். மொதல்ல அவனக் கூட்டிட்டு வாரும்” என்பார் சங்கரபாண்டி.

இப்படி ஏசிக்கொண்டே இரண்டு பேரும் சாப்பிடப் போவார்கள். ஒருவர் தட்டில் இருக்கிற அப்பளத்தை மற்றவர் எடுப்பார். கேட்கிறவர்களுக்குச் சோறு ஒரு கவளம் கூடுதலாக இறங்கும்.

ஒரு நாள் புதிதாகப் படிக்க வந்த பிள்ளைகளுக்குச் சங்கரபாண்டி எடிட்டர் பாடம் நடத்தினார். கூட்டம் சேர்ந்தால் சிலருக்கு நாக்கு நீளும். அவருக்கும் நீண்டது. ஈமேக்ஸில் ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு மூன்று பொத்தான்களைச் சேர்த்து அமுக்க வேண்டும், இடது சுண்டுவிரலுக்கு ஓயாத வேலை. விம்மில் அந்தத் தொல்லை குறைவு. இதை விளக்கிவிட்டு நிறுத்தியிருக்கலாம்.

“சுருக்கமாச் சொன்னா, வெரலு மடங்காதவனுக்குத்தான் விம்மு” என்றார்.

பிள்ளைகள் சிரித்தார்கள். கதவுப் பக்கம் அருளப்பன் நின்றுகொண்டிருந்தார். கபடி சொல்லிக்கொடுக்கும்போது ஒடிந்து, சரியாகக் கூடாமல் போன இடது சுண்டுவிரல் அவருக்கு. அது மடங்காது. சங்கரபாண்டிக்கு அது தெரியும்.

அருளப்பன் கோபப்படவில்லை. கோபப்பட்டு இரண்டு வார்த்தை ஏசியிருந்தால் சாயங்காலமே தீர்ந்திருக்கும். அவர் அந்தக் கையை மெதுவாகச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு மத்தியானம் தட்டை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார். மறுநாளும் அங்கேதான். சங்கரபாண்டிக்கு அந்தப் பக்கம் போகவே கால் கூசியது.

மன்னிப்புக் கேட்பது சின்ன வேலைதான். எழுந்து நாலு எட்டு நடந்தால் மாடிப்படி. ஆனால் நாக்குக்கு உள்ள அவசரம் காலுக்கு இருப்பதில்லை. ஒரு வாரம் யோசித்து, சங்கரபாண்டி தமக்குத் தெரிந்த வழியில் ஒன்று செய்தார்.

பெரிய தேடுபொறிகளுக்குள் வேடிக்கைகளை ஒளித்து வைப்பார்கள். ஒரு சொல்லைத் தட்டினால் பக்கம் சாயும், இன்னொன்றைத் தட்டினால் பக்கமே குட்டிக்கரணம் போடும். ஒரு எடிட்டரின் பேரைத் தேடினால், ‘மற்றதையா கேட்டீர்கள்?’ என்று சீண்டும். பாயசத்தில் முந்திரி மாதிரி, அகப்பட்டவருக்குச் சந்தோஷம். சங்கரபாண்டியும் துழாவிக்குள் ஒரு முந்திரியைப் போட்டார். யாராவது ‘விம்’ என்று தேடினால் மேலே இப்படி வரும்: “ஈமேக்ஸ்காரனுக்கு மூளை இருக்கிறதா என்றா கேட்டீர்கள்? இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.”

அருளப்பன் இதைப் பார்ப்பார், சிரிப்பார், ‘உமக்கு எங்கவே இருக்கு மூளை’ என்று கேட்டுக்கொண்டு தட்டோடு வந்து உட்காருவார். சங்கரபாண்டி மனசுக்குள் நூறு தடவை இதை ஓட்டிப் பார்த்துவிட்டார்.

நாள் போனது. எங்கெங்கோ இருக்கிற பிள்ளைகள் விம் என்று தேடிச் சிரித்தார்கள், பாராட்டியும் எழுதினார்கள். மாடிப்படி மட்டும் சிரிக்கவில்லை. பார்த்துவிட்டும் இந்த மனுஷன் மசியவில்லையே என்று சங்கரபாண்டிக்கு முதலில் வருத்தம் வந்தது, அப்புறம் ரோஷம், அப்புறம் பயம். இனிமேல் ஒருபோதும் பேசமாட்டாரோ என்கிற பயம். அது வந்த பிறகு சோறு இறங்கவில்லை.

ஒரு மத்தியானம், எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், சங்கரபாண்டி டீச்சர் முன்னால் போய் நின்றார்.

“டீச்சர், ஒரு சந்தேகம்.”

“சொல்லுங்க அண்ணாச்சி.”

“ஒருத்தன் மன்னிப்ப ஒளிச்சு வச்சிருக்கான். அதக் கண்டுபிடிக்க வேண்டியவரு கண்டுபிடிக்கல. இல்ல, கண்டுபிடிச்சும் கண்டுக்கல. அப்ப அது கேட்ட கணக்கா, கேக்காத கணக்கா?”

டீச்சர் கணினியைத் திருப்பி, ஒரு புகாரைத் திறந்து காட்டினார்.

“இதச் சரி பண்ணிட்டு வாங்க.”

“டீச்சர், நான் என்ன கேக்கேன், நீங்க...”

“மொதல்ல படிங்க.”

தர்மபுரிப் பக்கத்திலிருந்து ஒரு கல்லூரிப் பெண் எழுதியிருந்தாள். சங்கரபாண்டி வாய்விட்டுப் படித்தார்.

“ஐயா, வணக்கம். ஈமேக்ஸ் நிறுவுவது எப்படி என்று தேடினேன். உங்கள் துழாவி என்னிடம், ‘வே, சாப்பிட வாரீரா?’ என்று கேட்கிறது. வே என்றால் யார்? என் பெயர் பூங்கொடி. நான் சாப்பிட்டுவிட்டேன். தயவுசெய்து ஈமேக்ஸ் நிறுவும் வழியைச் சொல்லவும்.”

படித்து முடித்தவர் டீச்சர் பக்கம் திரும்பினார்.

“என்னது டீச்சர் இது?”

“தேடிப் பாருங்க.”

சங்கரபாண்டி குனிந்து துழாவியில் ‘ஈமேக்ஸ்’ என்று தட்டினார். பக்கம் திறந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, சின்ன எழுத்தில், ஒரே ஒரு வரி.

வே, சாப்பிட வாரீரா?

இந்த மடத்தில் அவரை, நெருங்கின சிநேகிதனைக் கூப்பிடுகிற மாதிரி, ‘வே’ போட்டுக் கூப்பிடுகிறவர் ஒருத்தர்தான். சங்கரபாண்டி பக்கத்தில் கிடந்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டார்.

“இது எப்பத்துலருந்து கெடக்கு?”

“நீங்களே பாத்துக்கிடுங்க.”

அவர் பார்த்தார். யார் எதை எப்போது சேர்த்தார்கள் என்று துழாவியின் பதிவேட்டில் எல்லாம் இருக்கும். அவர் பிள்ளைகள் முன்னால் அந்த வார்த்தையைச் சொன்ன நாளுக்கு மறுநாள் காலையில் அருளப்பன் இதைச் சேர்த்திருந்தார். அதாவது, சங்கரபாண்டிக்கு மன்னிப்புக் கேட்கலாமா என்கிற எண்ணமே வருவதற்கு முன்னால்.

“அடிபட்டவரு அவரு, டீச்சர்” என்றார் சங்கரபாண்டி. “அவருல்லா மொதல்ல கூப்பிட்டிருக்காரு.”

டீச்சர் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

“எங்கண்ணுல படவே இல்லயே.”

“ஈமேக்ஸுன்னு நீங்க எப்பவாவது தேடியிருக்கியளா அண்ணாச்சி?”

“நான் எதுக்கு டீச்சர் தேடப் போறேன்? எனக்குத்தான் ஈமேக்ஸு...” பேச்சு பாதியில் நின்றது. அவர் மெல்லத் தலையைத் தூக்கினார். “அப்ப அவரும் விம்முன்னு தேடியிருக்க மாட்டாரு.”

“மாட்டாரு.”

“நான் வச்சத அவரு பாக்கவே இல்ல.”

“இல்ல.”

“அவரு வச்சத நான் பாத்துட்டும் வரலன்னுல்லா நெனச்சிருப்பாரு. கூப்பிட்டும் வராத பயன்னு நெனச்சுக்கிட்டே தெனம் அந்தப் படியில உக்காந்து...” சங்கரபாண்டி மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

டீச்சர் எட்டி ஒரு பொத்தானை அமுக்கினார். அந்த வரியைப் பார்த்த ஆட்கள் அடுத்ததாகத் தேடல் பெட்டியில் என்னென்ன தட்டினார்கள் என்று வரிசையாக வந்தது. ஊர் பேர் தெரியாத பிள்ளைகள், துழாவிக்கு மரியாதையாகப் பதில் சொல்லியிருந்தார்கள்.

சாப்பிட்டாச்சு.

இன்னும் இல்ல, பரீட்சை முடியட்டும்.

எங்க வரணும்?

நன்றி, யாரும் கேக்கல இன்னிக்கு.

நீ சாப்டியா?

கடைசியாகக் கேட்டவருக்கு, ‘இதற்கு விடை எதுவும் கிடைக்கவில்லை’ என்று துழாவி சொல்லியிருந்தது. சங்கரபாண்டி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கீழே சமையல்கட்டில் தட்டுகள் சத்தம் கேட்டது. ரசம் ஊற்றுகிற நேரம்.

“உங்களுக்கு முன்னாலயே தெரியுமா டீச்சர்?”

“தெரியும். உள்ள என்ன சேத்தாலும் நான் பாத்துத்தான் விடுதேன்.”

“ரெண்டும் தெரியுமா?”

“ரெண்டுந்தான்.”

“ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?” சங்கரபாண்டிக்குக் கோபமே வந்துவிட்டது. “இத்தன நாளு பட்டினி கெடந்திருக்கேன். கூப்பிட்டிருக்காரு, போங்கன்னு ஒரு வார்த்த.”

“என்னயவா சாப்பிடக் கூப்பிட்டாரு?” என்றார் டீச்சர்.

கோபம் வந்த வழியே போய்விட்டது. அப்புறம் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணிலிருந்தும் கொட்டியது. ஐம்பதை நெருங்கிய ஆள் அழுவதை இன்னொருத்தர் பார்ப்பது அவருக்கு வெட்கமாகத்தான் இருந்தது. டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, வெளியே காய்கிற துணிகளை மும்முரமாகப் பார்த்தார்.

கொஞ்சம் ஆறியதும் சங்கரபாண்டி மூக்கை உறிஞ்சிக்கொண்டு விசைப்பலகையைத் தம் பக்கம் இழுத்தார். அவருக்குக் கடமை ஞாபகம் வந்துவிட்டது.

“பாவம் அந்தப் பிள்ள, பூங்கொடி. ஈமேக்ஸு கேட்டதுக்குச் சோத்துக்குக் கூப்பிட்டா என்ன செய்வா? இந்தக் கேள்விய எடுத்துருதேன் டீச்சர். பிழ சரியாயிரும்.”

“எது பிழ அண்ணாச்சி?”

“இந்தக் கேள்விதான்.”

டீச்சர் விசைப்பலகையை மெதுவாக அவர் கைக்கு எட்டாமல் தள்ளி வைத்தார்.

“கேள்வி சரியாத்தான் இருக்கு. பதிலத்தான் காணோம். போங்க, சோறு ஆறுது.”