கெர்னலில் எதை விடுவது

“வீடு மாத்தும்போதுதான்டே தெரியும்…” என்று கோமதிநாயகத்தின் தாய்மாமா ஒரு பேச்சை ஆரம்பிப்பார். என்ன தெரியும் என்று முடிப்பாரோ, அது நாயகத்துக்கு நினைவில்லை. பல வருஷம் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பியவருக்கு ஊர்ப்பேச்சில் பாதிதான் மிஞ்சியிருந்தது.

அந்தப் பாதிப் பேச்சு மண்டைக்குள் ஓட, அவர் செல்லக்கனி டீச்சரின் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

பார்வையற்றோர் பள்ளியின் பிரெயில் அச்சகம் டீச்சரின் பொறுப்பு. டீச்சருக்கும் பிறவியிலேயே பார்வை கிடையாது. வயதில் நாயகத்துக்கு இளையவர். ஆனால் அச்சகத்தின் அரதப்பழசான கம்ப்யூட்டருக்கு அளவெடுத்துக் கெர்னல் கட்டியவர் அவர்தான். சுவிட்சைப் போட்டதும் முதலில் எழுந்து, மற்ற எல்லாவற்றையும் எழுப்பிவிடுகிற நிரல்தான் கெர்னல். அந்த வித்தையைக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டு வந்தவர் நாயகம்.

அவர் வந்த நேரமோ என்னமோ, கம்ப்யூட்டரின் சேமிப்பு வட்டு செத்துப்போனது. டீச்சர் கட்டிய கெர்னலும் அதோடு போயிற்று. இப்போது வெளிவருகிற எந்தக் கெர்னலும் அவ்வளவு பழைய இயந்திரத்தில் ஓடாது. அச்சு இயந்திரத்தின் கேபிளோ அந்த ஒரு கம்ப்யூட்டரைத் தவிர வேறெதிலும் பொருந்தாது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் புத்தகம் இன்னும் அச்சாகவில்லை. பொதுத்தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது.

“நீங்களே கட்டுங்க சார்,” என்றார் டீச்சர். “எனக்கு அறிவியல்ல பிழை பாக்குற வேலை கெடக்கு.”

“எனக்குப் பழக்கமில்லையே டீச்சர்.”

“பழக்கமிருந்தா எதுக்கு இங்க வந்தீங்க?”

நாயகம் மடிக்கணினியைத் திறந்தார். கெர்னல் கட்டுவதில் பெரும்பகுதி பதில் சொல்வது. இந்த வசதி வேண்டுமா, அந்த வசதி வேண்டுமா என்று வரி வரியாகக் கேட்டுக்கொண்டே போகும். ஒவ்வொன்றுக்கும் ‘வேண்டும்’ அல்லது ‘வேண்டாம்’.

“எதை வைக்கணும், எதை விடணும்னு எப்படி டீச்சர் தெரியும்?”

டீச்சரின் விரல்கள் மடியிலிருந்த, பாடத்தைப் புள்ளிகளாக எழுப்பிக் காட்டும் சின்ன பிரெயில் கருவியின் மேல் ஓடிக்கொண்டிருந்தன.

“கட்டிப் பாருங்க,” என்றார்.

நாயகம் அதுவரை வேலை பார்த்ததெல்லாம் மலைபோன்ற இயந்திரங்களில். இடமில்லை என்ற பேச்சே அங்கே எழுந்ததில்லை. அதனால் சந்தேகம் வந்த இடத்திலெல்லாம் ‘வேண்டும்’ போட்டார். கட்டி முடித்து, புது வட்டில் ஏற்றி, சுவிட்சைப் போட்டார். பழைய இயந்திரம் ஒரு முறை உறுமிவிட்டு அப்படியே நின்றது.

“என்னாச்சு?”

“நினைவகத்துல அடங்கல டீச்சர்.”

“என்னென்ன வச்சீங்க?”

நாயகம் சொல்லச் சொல்ல டீச்சருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“வைஃபையா? இதுலயா? நல்ல ஆளு சார் நீங்க. ஒரு நாள் கல்யாணத்துக்குப் பீரோவையே தூக்கிட்டுப் போவீங்க போல.”

நாயகத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து உட்கார்ந்தார். இப்போது சந்தேகம் வந்த இடத்திலெல்லாம் ‘வேண்டாம்’. ஒன்றை எடுத்தார், இன்னொன்று உடைந்தது. அதைச் சரிசெய்தார், வேறொன்று உடைந்தது. சாப்பாட்டு மணி அடித்ததுகூட அவருக்குக் கேட்கவில்லை. டீச்சரும் எழுந்து போகவில்லை.

கடைசியில் ஒருமுறை சுவிட்சைப் போட்டபோது, திரையில் எழுத்துகள் மளமளவென்று ஓடின. தமிழ்கூடப் பளிச்சென்று தெரிந்தது. பெயர் கேட்டு நின்றது கர்சர்.

நாயகம் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். “டீச்சர்! பாத்தீங்களா!”

சொன்னபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

டீச்சர் தலையைச் சாய்த்துக் காது கொடுத்தார்.

“எப்ப எந்திரிக்கும்?”

“எந்திரிச்சிட்டுது டீச்சர்.”

“யாருக்கு?”

கம்ப்யூட்டரின் பக்கத்தில் செங்கல் அளவில் ஒரு பேசும் பெட்டி இருந்தது. திரையில் வருவதை வாசித்துச் சொல்வது அதன் வேலை. அதை இயக்குகிற வரியும் கேள்விகளுக்கு நடுவில் வந்திருந்தது. பார்வையற்றோருக்கான வசதி, தேவையில்லை என்றால் விட்டுவிடலாம் என்று அதில் குறிப்பும் இருந்தது. நாயகம் விட்டுவிட்டார். பெட்டி வாய் திறக்காமல் கிடந்தது.

அவர் உட்கார்ந்து அந்த வரியைச் சேர்த்துக் கட்டினார். இயந்திரம் மறுபடி உறுமிவிட்டு நின்றது.

“அடங்க மாட்டேங்குது டீச்சர். இனிமே இதுல எடுக்க ஒண்ணுமே இல்ல. இருக்கறதெல்லாம் வேணும்.”

“நாயகம் சார், புத்தகம் அச்சாகி முடிஞ்சதும் நீங்க வீட்டுக்குப் போயிருவீங்க. அப்புறம் அந்த நாற்காலில யாரு உக்காருவா?”

“நீங்க. உங்க பிள்ளைங்க.”

“அதுல யாருக்கு என்ன வேணும்?”

நாயகம் வரிகளை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார். பாதியில் நின்றார். திரைக்கும், அதில் தமிழ் பளிச்சென்று தெரிவதற்கும் என்று அவர் யோசிக்காமலே போட்டிருந்த ‘வேண்டும்’கள் வரிசையாக நின்றன. அவற்றை எடுத்தால் பேசும் பெட்டிக்கு இடம் கிடைக்கும். இன்னும் மிச்சமும் இருக்கும்.

“திரையை எடுத்துட்டா, நடுவுல ஏதாவது கோளாறு வந்தா எனக்கு ஒண்ணும் தெரியாதே டீச்சர்.”

“எங்களுக்குத் தெரியும்,” என்றார் செல்லக்கனி டீச்சர்.

நாயகம் திரைக்கான வரிகள் எல்லாவற்றிலும் ‘வேண்டாம்’ என்று போட்டுவிட்டு, கெர்னலை மறுபடி கட்டவிட்டார்.