அதே எண்

மலைமேல் இருந்த வானிலை நிலையத்தில் மழை அளவு குறிப்பவர் ஞானப்பிரகாசம். ஐம்பத்தாறு வயதில் நிரல் எழுதக் கற்க வந்தார். கற்றுத் தந்தவள் அங்கே சர்வர்களைப் பார்த்துக்கொண்ட ஷமீமா. அவளுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. அவர் அவளை டீச்சர் என்றே கூப்பிட்டார்.

ஒரு மதியம் கேட்டார்.

"ஒரு மெஷினோட அடையாள எண்ணை நாமே மாத்தலாமா, டீச்சர்?"

"மாத்தலாம். செட்ஹோஸ்ட்ஐடின்னு ஒரு ஃபங்ஷன் இருக்கு. எந்த எண்ணைக் கொடுத்தாலும் மெஷின் அதையே தன்னோடதா வெச்சுக்கும்."

"போன வாரம் இடியில கருகின சர்வரோட எண்ணை இந்தப் புதுசுக்கு வெச்சா?"

ஷமீமா அவரை ஏறிட்டுப் பார்த்தாள். அந்தப் பழைய சர்வரை முன்பு கவனித்துக்கொண்டவர் அவருடைய மனைவி ரெஜினா. இறந்து இரண்டு வருடம் ஆகிறது.

"வெச்சுப் பாருங்க சார்."

எண் அவருக்கு மனப்பாடம். முதல் முறை, அனுமதி இல்லை என்று வந்தது. ஷமீமா நிர்வாகக் கடவுச்சொல்லை அடித்துக் கொடுத்தாள். அடுத்த முறை ஏற்றுக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் மலையைச் சுற்றியிருந்த கருவிகள் எல்லாம் பழையபடி அதற்கு மழை அளவை அனுப்பத் தொடங்கின.

"பழைய ஆளுன்னே நம்பிடுச்சுங்க!" அவர் முகம் மலர்ந்தது.

அதன்பிறகும் அவர் நாற்காலியை விட்டு எழவில்லை. நாலு மணி ஆனது. நாலரையும் ஆனது.

"எதுக்கு சார் காத்திருக்கீங்க?"

"தினம் நாலு மணிக்கு அந்த சர்வர் எனக்கு ஒரு வரி அனுப்பும். 'டீ குடிச்சீங்களா?'ன்னு. ரெஜினா எழுதி வெச்சது. அவ போன பிறகும் வந்துட்டே இருந்துச்சு." திரையைத் தொட்டார். "எண் அதேதானே, டீச்சர்?"

"எண் அதேதான்."

வெளியே மூடுபனி ஜன்னலை மறைத்துவிட்டிருந்தது.

"அந்த ஒரு வரியை நான் எழுதித் தரட்டுமா?"

"வேணாம்" என்றார் அவசரமாக.

"முன்னாடி அந்த சர்வர் கேக்கும்போது நீங்க என்ன பண்ணுவீங்க?"

"பதில் சொல்லுவேன். குடிச்சாச்சுன்னு. குடிக்காத நாள்ல இல்லைன்னு. வாய்விட்டுத்தான் சொல்லுவேன்."

"யார்கிட்ட? மெஷின்கிட்டயா, சார்?"

ஞானப்பிரகாசம் திரையை விட்டு மூடுபனிப் பக்கம் திரும்பினார். "இன்னைக்கு இன்னும் குடிக்கல" என்றார்.